ஒரு வீட்டுக்கு ஒரே சட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை ஆலயத்துல அன்னதானம் பரிமாறிகிட்டு இருந்தோம். வரிசையில வந்த ஒரு தங்கச்சி, "அண்ணே, அண்ணி இப்படி இளைச்சிட்டாங்களே, உடம்பு சரியில்லையா?"ன்னு மெதுவா கேட்டாங்க. அவங்களுக்குப் பின்னால நின்ன ஒரு பெரியவர், "என்ன மருந்து சாப்பிடறாங்க? எங்க வாங்கறீங்க?"ன்னு கேட்டார். கரண்டியைப் பிடிச்சிகிட்டு நிக்கிற இடத்துல விளக்கமா சொல்ல முடியல. அதனாலதான் இங்க எழுதுறோம். வீட்டுக்காரம்மா சம்மதத்தோடதான் எழுதுறோம். எழுத்துப் பிழையை மகள் பார்த்துக் கொடுத்தாள்.

எங்க வீட்டுல அஞ்சு பேர். எங்க அம்மா, நாங்க ரெண்டு பேர், பாலிடெக்னிக்ல படிக்கிற மகன், படிவம் நாலு மகள். ஒரே சம்பளம், பிறை தொழிற்பேட்டையில. ஓட்டி இருந்தா மூச்சு விடலாம். இல்லாத மாசம் வீட்டுக் கடன், கார் கடன் போக மிச்சத்தை எண்ணித்தான் செலவு பண்ணணும்.

2023 ஜூன் மாசம் வீட்டுக்காரம்மாவுக்குக் கால்ல ஒரு சின்னக் காயம். செருப்பு வார் கடிச்ச காயம்தான். மூனு வாரம் ஆகியும் ஆறல. அரசாங்கக் கிளினிக்குக்குப் போனோம். ஒரு வெள்ளி கட்டி நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். ரத்தத்தைப் பார்த்துட்டு டாக்டர் சொன்னது, மூனு மாசத்து சராசரி சர்க்கரை, HbA1c அப்படின்னு இங்கிலீஷ்ல எழுதுவாங்களே, அது 10.4. ஏழுக்குள்ள இருக்கணுமாம். அவங்க ஒன்னும் பேசல. அவங்க அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்தது இதே நோயாலதான். அதுவும் இப்படி ஒரு சின்னக் காயத்துல ஆரம்பிச்சதுதான்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2019-ல நாட்டுல எடுத்த உடல்நல ஆய்வுல, வயசு வந்தவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியா பார்த்தா நம்ம இந்தியர்கள்தான் முதல் இடம். வேற எதுல முதல் இடம் வந்திருந்தாலும் மாலை போட்டிருப்போம்.

சரி, அப்புறம் நாங்க என்ன செஞ்சோம்? எல்லாரும் செய்யறதைத்தான் செஞ்சோம். அவங்களுக்குன்னு ஓட்ஸ் வாங்கினோம். சீனி இல்லாத பிஸ்கட், கோதுமை மாவு, டின்ல வர்ற நீரிழிவுக்காரங்க பால் மாவு. மாசம் 90 வெள்ளிக்கிட்ட கூடுதல் செலவு. அடுப்புல ஒரு பக்கம் எங்களுக்குக் குழம்பும் பொரிச்ச கோழியும். இன்னொரு பக்கம் அவங்களுக்கு ஓட்ஸ் கஞ்சி. ரெண்டையும் சமைச்சது அவங்கதான். எங்களுக்குப் பரிமாறிட்டு, அவங்க தட்டைத் தூக்கிகிட்டு தனியாப் போய் உட்காருவாங்க. செலவு பண்றோமே, கடமையைச் செஞ்சிட்டோம்னு நாங்களும் நினைச்சிகிட்டோம்.

செப்டம்பர்ல திரும்ப ரத்தம் எடுத்தாங்க. 10.1. மாத்திரை போட்டும், 270 வெள்ளி செலவு பண்ணியும் இறங்கினது அவ்வளவுதான்.

அந்த வாரம் ஒரு நாள் ஓட்டி முடிஞ்சி, மகன்தான் மோட்டார்ல ஏத்திகிட்டு வந்தான். மணி பதினொன்னு இருக்கும். எல்லாரும் தூங்கியிருப்பாங்கன்னு ரெண்டு பேரும் சத்தம் போடாம கதவைத் திறந்தோம். அடுப்படியில விளக்கு எரியல. சிங்க் பக்கத்துல நின்னுகிட்டு, மகள் மிச்சம் வெச்ச மீ கோரெங்கை அவங்க கையால அள்ளிச் சாப்பிட்டுகிட்டு இருந்தாங்க. எங்களைப் பார்த்ததும் தட்டைப் பின்னால மறைச்சாங்க. இருபத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தின அம்மா, சொந்த வீட்டுல தட்டை மறைக்கிறாங்க.

மகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அதுக்குள்ள அவங்களே சொன்னாங்க: "நீங்க நாலு பேரும் ஒன்னா உட்கார்ந்து சாப்பிடறீங்க. நான் மட்டும் இந்த வீட்டுல நோயாளி. மணம் எனக்கு, சாப்பாடு உங்களுக்கு."

அன்னைக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சாப்பிடல.

ஃபேக்டரியில ரிஜெக்ட் வந்தா, கடைசி செக்கிங்ல நிக்கிற ஆளைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. லைன்ல எந்த இடத்துல கோளாறு ஆரம்பிக்குதுன்னு பின்னாலேயே போய்ப் பார்க்கணும். முப்பது வருஷமா வேலையில செய்யறதை வீட்டுல செய்யல. மறுநாள்லேருந்து தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளுங்களைப் பத்திரப்படுத்தி, பின்பக்கத்துல அன்னன்னைக்கு வாங்கின சாப்பாட்டுச் சாமான் எல்லாத்தையும் எழுதினோம். ஒரு மாசம் விடாம எழுதினோம். மகள் கூட்டிப் பார்த்தாள். மொத்தம் 1,050 வெள்ளி. அதுல காய்கறிக்குப் போனது 120. டின் பால், த்ரீ-இன்-ஒன் பாக்கெட், சிராப், போத்தல் பானம், மேகி, முறுக்கு, பாசார் மாலாம்ல தப்பாவ் பண்ணது எல்லாம் சேர்ந்து 314!

நல்ல சாப்பாடு வாங்கக் காசு இல்லன்னு சொல்லிகிட்டு இருந்தோம். காசு அங்கதான் இருந்திருக்கு.

இதையும் சொல்லணும், தப்பு முழுக்க நம்மகிட்ட மட்டும் இல்ல. 2023-ல கடையில சீனி கிலோ 2.85. பாக்கெட் எண்ணெய் 2.50. அரசாங்கம் விலையைக் கட்டி வெச்சிருக்கு. ஏழைக்கு நல்லதுதான். ஆனா பயித்தங்காய்க்கும் பாவக்காய்க்கும் அப்படி விலை கட்டல. மழை பெஞ்சா ஏறும், பண்டிகை வந்தா ஏறும். கையில பத்து வெள்ளி இருந்தா வயிறு எதுல சீக்கிரம் நிறையுமோ அதைத்தான் மனுஷன் வாங்குவான். அதனாலதான் கணக்குப் போட்டு வாங்கணும்.

அந்த மாசமே புரட்டாசியும் பொறந்துச்சி. வீடு முழுக்க சைவம். இதுதான் சரியான நேரம், இனிமே ஒரே சட்டிதான், அவங்க சாப்பிடறதைத்தான் எல்லாரும் சாப்பிடணும்னு முடிவு பண்ணோம். ஆனா முதல் பத்து நாள்லயே சறுக்கினோம். சைவக் கடையில மாவுல செஞ்ச 'ஆட்டுக்கறி', 'கோழி' வாங்கினோம். உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், சேமியா. சைவம் வேற, சத்து வேறன்னு அப்போதான் புரிஞ்சது. அந்தப் போலிக் கறி நிஜக் கோழியை விட விலை. உப்பும் எண்ணெயும் சொல்லவே வேணாம்.

வழி காட்டினது ஆலயத்து அடுக்களைதான். நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல் அவிக்கிறோமே. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறுன்னு மாத்தி மாத்தி செய்யறோம். ராத்திரியே ஊற வெச்சி, அவிச்சி, கடுகு கருவேப்பிலை தாளிச்சி, தேங்காய்ப்பூ கொஞ்சம். ஒரு கிலோ கடலை ஊறினா ரெண்டு கிலோவுக்கு மேல வரும். இதை ஏன் வீட்டுல வருஷம் முழுக்க செய்யறதில்ல? சாயங்காலம் முறுக்கு இருந்த இடத்துல சுண்டல் வந்துச்சி. புரட்டாசி முடிஞ்சும் அது மட்டும் நிக்கல.

அப்புறம் கிளினிக்ல மிஸ்ஸி சொல்லிக் கொடுத்த 'சுக்கு சுக்கு செப்பாரோ'. தட்டுல கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு மாதிரி, பாதித் தட்டு காயும் பழமும். சிவப்பரிசி வாங்கிப் பார்த்தோம். விலையும் கட்டுபடியாகல, அம்மாவுக்கு மெல்லவும் முடியல. விட்டுட்டோம். அதே வெள்ளைச் சோறுதான், அளவு மட்டும் பாதி. அந்த நேரம் பார்த்து உள்ளூர் அரிசி கடையில கிடைக்கல, இறக்குமதி அரிசி விலை ஏறிருச்சி, ஞாபகம் இருக்கா? சோத்தைக் குறைக்க அதுவும் ஒரு காரணமாச்சி.

காய்கறி ஞாயித்துக்கிழமை காலை மார்க்கெட்ல, கடை கட்டற நேரத்துல வாங்குவோம். கங்கோங், பாயாம், சாவி, முட்டைகோஸ், தவ்கே. கட்டு கட்டா குறைச்சிக் கொடுப்பாங்க. முருங்கைக்கீரை ஃபிளாட்டுக்குக் கீழ இருக்கிற மரத்துல, காசே இல்ல. கெம்போங் மீன் வாரத்துக்கு ஒரு நாள். கோழி ரெண்டு நாள், தோலை எடுத்துட்டு, பொரிக்காம குழம்பு. மத்த நாள் முட்டை, தாவ்ஹூ, தெம்பே, சாம்பார்.

பெரிய சண்டை தேத்தண்ணியிலதான். டின் பால்ல ஏறக்குறைய பாதி சீனிதான். அதை ஒரே நாள்ல நிறுத்தினா வீட்டுல புரட்சி வெடிச்சிரும். ரெண்டு வாரத்துக்கு அரைக் கரண்டின்னு குறைச்சோம். எங்க அம்மா முதல் நாள் குடிச்சிட்டு, "இதை மாட்டுக்கு ஊத்து"ன்னு கிளாஸை நகர்த்தி வெச்சாங்க. கருப்பட்டி போட்டா பரவாயில்லன்னு யாரோ சொன்னாங்க. மிஸ்ஸிகிட்ட கேட்டோம். கருப்பட்டியும் சர்க்கரையை ஏத்தத்தான் செய்யுமாம்.

ஆனா அம்மாவே பிறகு எங்க பக்கம் வந்தாங்க. தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. எந்தக் கீரையை எப்படி ஆயணும், எதை எதோட சேர்க்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவு எங்க யாருக்கும் தெரியாது. பொன்னாங்கண்ணி, பசலை, மணத்தக்காளின்னு பேத்திக்குக் காட்டிக் கொடுத்தாங்க. "தோட்டத்துச் சாப்பாடு நல்லா இருந்துச்சி, இல்ல பாட்டி?"ன்னு மகள் கேட்டாள். அம்மா சிரிச்சிட்டு, "நல்லா இருந்துச்சி, ஆனா போதல. பசியோடதான் மலை ஏறுவோம். நீங்க பசிச்சா சாப்பிடுங்க, சும்மா சாப்பிடாதீங்க"ன்னாங்க. அதுக்கு மேல நாங்க என்ன எழுதறது?

மகனை மட்டும் நாங்க காவல் காக்கல. வெளியில ரொட்டி சானாய் சாப்பிடுவான், சாப்பிடட்டும். வீட்டுக்குள்ள அம்மா முன்னால தப்பாவ் பொட்டலம் பிரிக்கக் கூடாது. அது ஒன்னுதான் சட்டம். இன்னைக்கு வரைக்கும் அவன் மீறல.

மூனு மாசம் கழிச்சி திரும்பக் கணக்குப் பார்த்தோம். காய்கறிச் செலவு 120-லேருந்து 210 ஆச்சி. மீன், முட்டை, தாவ்ஹூவுக்கு 40 கூடுச்சி. தண்ணி, பாக்கெட், தப்பாவ் 314-லேருந்து 90-க்கு இறங்குச்சி. அரிசி விலை ஏறினதால அதுல பெரிசா மிச்சம் இல்ல. மொத்தம் 1,050 இருந்த இடத்துல 956. தனியா வாங்கின ஓட்ஸ், பால் மாவு 90 வெள்ளியும் நின்னுச்சி. பணக்காரங்க ஆகல. ஓட்டி இல்லாத மாசமும் கடன் வாங்காம ஓடுது.

ரத்தக் கணக்கு: டிசம்பர்ல 8.6. அடுத்த மார்ச்ல 7.6. காயம் ஆறி, தழும்பு மட்டும் இருக்கு. போன தீபாவளிக்குப் பலகாரம் கொஞ்சம் கைமீறிப் போய் 7.9-க்கு ஏறுச்சி. திரும்ப இறக்கி இப்ப 7.2. இது ஜெயிச்ச கதை இல்லீங்க, தினம் நடக்கிற வேலை. பெரியவர் கேட்டீங்களே, மருந்து அதே கிளினிக் மாத்திரைதான். ஒரு நாளும் நிறுத்தல. சாப்பாடு மாறினதும் மாத்திரையை நீங்களாகவே குறைக்காதீங்க. சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் ஆபத்து. டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க பார்த்து மாத்துவாங்க.

கடைசியா ஆலய விஷயம் ரெண்டு.

ஒன்னு. அன்னதானத்துல சிராப் தண்ணி மட்டும்தான் வெக்கிறோம். வாங்கிப் போட்டு கலக்கறது நாங்கதான், அதனால இந்தக் குறை எங்க மேலதான். வர்ற வெள்ளியிலேருந்து பக்கத்துல ஒரு ட்ரம் பச்சைத் தண்ணியும் இருக்கும். நிர்வாகத்துல கேட்டாச்சி, சரின்னுட்டாங்க.

ரெண்டு. யாராவது பாயாசம் வேணாம், சர்க்கரைப் பொங்கல் ஒரு விரல் அளவு போதும்னு சொன்னா, "பிரசாதம்தானே, ஒன்னும் பண்ணாது, வாங்கிக்குங்க"ன்னு வற்புறுத்தாதீங்க. இத்தனை வருஷம் நாங்களே அப்படித்தான் அள்ளிப் போட்டோம். எத்தனை பேர் மறுக்கத் தெரியாம வாங்கிட்டுப் போனாங்களோ. கண்ணுல ஒத்திகிட்டு ஒரு துளி வாயில வெச்சாலும் அது பிரசாதம்தான். அம்மன் அளவு பார்க்கறதில்ல.

வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருந்தா, அவங்களுக்குத் தனிச்சட்டி வெக்காதீங்க. செலவும் ரெண்டு மடங்கு, மனசும் ரெண்டாப் போயிரும். எல்லாரும் அவங்க பக்கம் போய் உட்காருங்க.

நேத்து ராத்திரி எங்க வீட்டுல முருங்கைக்கீரை சாம்பார், தெம்பே பிரட்டல், தவ்கே பொரியல். மகள் தட்டுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சி. அவங்க அம்மா விளக்கு வெளிச்சத்துல, எங்க எல்லார் முன்னாலயும், அதை எடுத்துச் சாப்பிட்டாங்க.

வெள்ளிக்கிழமை பூசையில பார்ப்போம். சுண்டல் இருக்கு, வாங்க.