இலவசத்தின் கணக்கு

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவியொருத்தி இப்போது மருத்துவமனை மேலாண்மை படிக்கிறாள். அவளுடைய நிதிப் பகுப்பாய்வு நூலைப் புரட்ட நேர்ந்தது. இலக்கண நூலைப் போலவே அதிலும் முதலில் வருவது பாகுபாடு: நிலைச் செலவு, மாறும் செலவு. கட்டடமும் கருவியும் மருத்துவர் சம்பளமும் நோயாளி ஒருவர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒன்றே. மருந்தும் தையல் நூலும் தலைக்குத் தலை கூடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தபோதுதான் இதன் ஆழம் நமக்கு விளங்கிற்று.

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இயன்றவர் பணம் கட்டுவர், இயலாதவர்க்கு இலவசம். கட்டுபவர் கட்டாதவரைச் சுமக்கிறார் என்று தோன்றும். அது பாதி உண்மைதான். அறுவை மருத்துவர் ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கையில் மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாகிறார். மருத்துவர் சும்மா காத்திருக்கும் நேரமே பெருஞ்செலவு என்று கண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. நோயாளிகள் பெருகப் பெருக, ஒருவர்மேல் விழும் நிலைச் செலவு தேய்கிறது. எஞ்சியது கண்ணுக்குள் பொருத்தும் வில்லை. வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டவில்லை. 1992-இல் ஆரோலேப் தோன்றி, வில்லைகளை இங்கேயே செய்யத் தலைப்பட்டது. மாறும் செலவும் இறங்கியது.

ஆயினும், மேசை நிரம்ப ஆள் வரவேண்டுமே! தொடக்கக் காலத்தில், முகாம்களில் இலவச அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிற் பலர் வரவேயில்லை. காரணம் நமக்குப் புதிதன்று. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில், முகாமில் கொடுத்த சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்ட நம் அத்தையிடம் சண்டைக்குப் போனோம்.

"ஓசிதான்ப்பா. பஸ்ஸுக்கு? கூட வர்றவளுக்கு ரெண்டு நாள் கூலி போகுமே, அதை ஆரு தருவா?"

நிதிநூல் இதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயரிடுகிறது. அத்தைக்குப் பெயர் தெரியாது, கணக்குத் தெரியும். அந்தக் கண்ணில் வெளிச்சம் திரும்பவேயில்லை.

அரவிந்த், நோயாளியின் போக்குவரத்தையும் உணவையும் தானே ஏற்றது. சிக்கனம் பேசும் கணக்கர் முதலில் வெட்டக்கூடிய செலவு அது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், வரவு சிறுத்தலைவிடச் செலவு அகல்வதையே அஞ்சுகிறார். இங்கோ ஓரிடத்தில் அகலவிட்டதால்தான் பிறவிடங்களில் சுருங்கிற்று. (வள்ளுவரோடு முரண்படுகிறோம் என்று அன்பர்கள் சினக்க வேண்டா, இவர்களும் தம் வலி அறிந்தே செய்தார்கள்.)

இக்கணக்கை எல்லா நோய்க்கும் நீட்டுவார் உளர். நமக்கு உடன்பாடில்லை. கண்புரை அறுவை சில நிமிடங்களில் முடிவது. பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒருமுறைதான். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ வாரம் இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். படுத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் எந்திரம் அவருக்கே. கரைசலும் மருந்தும் ஒவ்வொரு முறையும் செலவு. பஸ் கட்டணமும் கூலி இழப்பும் வாரந்தோறும். அங்கே இலவசப் பலகை மாட்டுமுன், பணம் யார் தருவது, எத்தனை ஆண்டுக்கு என்று மேலாளர் கேட்டாக வேண்டும். கேட்காவிடில், பாதிச் சிகிச்சையில் இருக்கும் ஒருவரைத்தான் பின்னர் வாசலில் நிறுத்துவார்.