உள்ளதை எழுது, தம்பி

எங்கள் புதுச்சேரிப் போலீஸ்காரர் தலையில் இருக்கும் சிவப்பு கேப்பி பிரெஞ்சுக்காரர் விட்டுப் போனது. பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் வகுப்பில் அதற்கு ஆசைப்படாத பையன் இல்லை. எனக்கு வாய்த்ததோ குமாஸ்தா நாற்காலி.

போன மாதம் எதிர்வீட்டுப் பேரன் போலீஸ் வேலைக்கான படிவங்களோடு வந்தான். உயரம் சரி. மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிகிறது. விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகுகிறான். அவனைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: வழக்கு ஏதும் இருந்ததா? கல்லூரி நாளில் ஒரு கைகலப்பு. வழக்காகி, விடுதலையும் ஆகிவிட்டது.

"விடுதலைதானே தாத்தா, இல்லைன்னு போட்டுடவா?"

"வேண்டாம்ப்பா" என்றேன். ஓட்டம், எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தேறினாலும், கடைசியில் காவல் நிலையப் பதிவேட்டைப் பார்ப்பார்கள், தெருவிலும் விசாரிப்பார்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. வழக்கை மறைத்தால் அதற்காகவே வேலையை ரத்து செய்ய இடமுண்டு. உள்ளபடி சொன்னால், வழக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். சொன்னதற்காக வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை.

"சொல்லியும் வேலை போயிட்டா?"

"போனா இந்த வேலையோட போச்சு. மறைச்சுச் சேர்ந்தா, பத்து வருஷம் கழிச்சுத் தபால்காரர் வந்தாலும் நெஞ்சு பதறும்."

'ஆம்' என்று எழுதி, தீர்ப்பு நகலையும் இணைத்தான். முடிவு இன்னும் வரவில்லை. பையன் மட்டும் இப்போது நன்றாகத் தூங்குகிறானாம்.