ஆறுமணிக்குருவிக்கு என்ன வைத்தியம்?

(கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே)

1/
ஐப்பசி நெருங்கினால் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் ஒரு விருந்தாளி வரும். பேரு ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பேரு. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு, கட்டை வால்.

2/
மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும். குளிர்காலத்துக்கு நம்ம ஊர், இலங்கை வரைக்கும் வரும். எடை ஒரு கோழிமுட்டை அளவுதான். இத்தனை தூரம் பறந்து களைச்சுப் போய் இறங்கும்போது, கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம்னு நம்பி மோதிடும்.

3/
போன வருஷம் அப்படி ஒண்ணு எங்க கிளினிக்குக்கே வந்தது. எதிர் அபார்ட்மெண்ட் வாசலைப் பெருக்கும் அக்கா முந்தானையில் வச்சு எடுத்துட்டு வந்தாங்க. "டாக்டர், உசுரு இருக்கு. ஒரு ஊசி போட்டு விடுங்க."

4/
வாய் திறந்தபடி மூச்சு வாங்குது. ஒரு கண் பாதி மூடியிருக்கு. காத்திருந்த பேஷன்ட்ஸ் எல்லாரும் வைத்தியர் ஆகிட்டாங்க. "வாயில தண்ணி ஊத்துங்க", "குளுக்கோஸ் கொடுங்க", "மஞ்சள் பத்து போடுங்க". எல்லாமே பாசத்தில் சொன்னதுதான். ஆனா அதில் முதல் யோசனையே அதைக் கொன்னிருக்கும்.

5/
ஏன்? பறவைக்கு மூச்சுக்குழல் வாசல் நாக்குக்குப் பின்னாடியே இருக்கு. மயக்கத்தில் இருக்கிற பறவைக்குத் தண்ணி ஊத்தினா நேரா நுரையீரலுக்குப் போயிடும். மயங்கிக் கிடக்கிற மனுஷனுக்கு சோடா கொடுக்காதீங்கன்னு சொல்றோம்ல, அதே காரணம்.

6/
இன்னொண்ணு. நமக்கு மூச்சு விட உதவுற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சாதான் காத்து உள்ளே போகும். "பாவம்"னு கையில் இறுக்கிப் பிடிச்சா, ஒரு சத்தமும் இல்லாம மூச்சு முட்டிச் செத்துடும்.

7/
நான் செஞ்சது இவ்வளவுதான். சலைன் பாட்டில் வந்த அட்டைப்பெட்டி. பக்கவாட்டில் நாலஞ்சு ஓட்டை. உள்ளே ஒரு பழைய பருத்தித் துணி. குருவியை வச்சு மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத ரூமில் வச்சாச்சு. பேன், வெயில், போட்டோ எதுவும் கிடையாது.

8/
அக்காவுக்கு முகம் வாடிப்போச்சு. "ஒண்ணுமே பண்ணலையே சார்?"
"தலையில் அடிபட்டு வர்றவங்களை அட்மிட் பண்ணி சும்மா பார்த்துக்கிட்டே இருப்போம்ல அக்கா, அதுவும் வைத்தியம்தான்" என்றேன். நம்பின மாதிரி தெரியல. ஆனா வீட்டுக்குப் போகாம வாசல்லயே உட்கார்ந்துட்டாங்க.

9/
வனத்துறைக்கு போன்ல தகவல் சொல்லிட்டோம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வளர்க்கக் கூடாது. "அழகா இருக்கே, கூண்டு வாங்கலாமா"ன்னு கேட்ட ஒரு குட்டிப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன்.

10/
ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா நின்னுச்சு, ஆனா கண் இன்னும் சரியாத் திறக்கல. மறுபடி மூடிட்டேன். உள்ளுக்குள்ள எனக்கும் பயம்தான். மூணு மணிக்கு அக்கா ஓடி வந்து, "டாக்டர், பெட்டிக்குள்ள பிராண்டுது!" என்றார்.

11/
ரெண்டு கண்ணும் முழுசா திறந்திருந்தது. ரெண்டு இறக்கையும் ஒரே உயரம். பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் பெட்டியைக் கொண்டு போய் அக்கா கையாலேயே திறக்கச் சொன்னேன். குருவி வெளியே குதிச்சு, ஒரு காஞ்ச இலையைப் புரட்டிப் பார்த்துட்டு, மதில் தாண்டிப் பறந்து போச்சு. அக்கா கும்பிட்டாங்க.

12/
எல்லாக் குருவியும் இப்படிப் பிழைக்காது. அதனால இதை சேவ் பண்ணி வச்சுக்கோங்க:
- இறக்கை தொங்கினாலோ, ரத்தம் வந்தாலோ, மாலைக்குள் தேறலைன்னாலோ கால்நடை மருத்துவர் அல்லது வேளச்சேரி ப்ளூ கிராஸ்.
- பூனை கவ்வியிருந்தா காயம் தெரியலைன்னாலும் உடனே போகணும். பூனைப் பல்லில் உள்ள கிருமி ஓரிரு நாளில் கொன்னுடும்.
- பால், பிரெட், பாராசிட்டமால் வேண்டவே வேண்டாம்.
- இறகு முளைச்ச குஞ்சு தரையில் தத்தித் தத்திப் போனா, அது பறக்கப் பழகுது. தாய் பக்கத்திலேயே இருக்கும். பூனை, நாயை மட்டும் விரட்டுங்க.
- இறகில்லாத குஞ்சைக் கூட்டில் எடுத்து வைக்கலாம். மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காதுங்கிறது கட்டுக்கதை.

13/
வந்த பிறகு பார்க்கிறதை விட வராம தடுக்கிறது நல்லது. இது நோய்க்கும் பொருந்தும், கண்ணாடிக்கும் பொருந்தும். கண்ணாடியின் வெளிப்பக்கம் ரெண்டு இன்ச் இடைவெளியில் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டினா பறவைக்கு அது தடைன்னு தெரியும். எதிர் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி முதல்ல "அழகு கெட்டுடும் சார்" என்றார். அக்கா போய்ப் பேசின பிறகு மாடிப்படிக் கண்ணாடிக்கு மட்டும் சம்மதிச்சார்.

14/
உங்க வீட்டிலோ ஆபீஸிலோ மரத்தைப் பார்த்த மாதிரி பெரிய கண்ணாடி இருந்தா, ஐப்பசிக்கு முன்னாடி ஒட்டிடுங்க. ஒரு காலி அட்டைப்பெட்டியையும் எடுத்து வைங்க.