கண்ணளவும் தராசும்

மட்டக்களப்பு வாவிக் கொடுவா மீன் எமது தமக்கையாரின் அடுக்களைக்கு வந்துவிட்டால், புளியும் தேங்காய்ப்பாலுமே அதற்கு விதித்த விதி. சென்ற ஞாயிறன்று அவ்விதி மாறிற்று. அவுஸ்திரேலியாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மருமகன், மொறோக்கோ நாட்டுச் 'சர்மூலா' செய்யப் போவதாகக் கூறி எல்லோரையும் வெளியேற்றினான். கொத்தமல்லி இலை, உள்ளி, நற்சீரகம், மிளகாய்த்தூள், தேசிக்காய்ச்சாறு, ஒலிவ எண்ணெய், உப்பு ஆகியவற்றை அரைத்து, மீனிலே பூசி, ஊறவிட்டுச் சுடுவதாம். ஒவ்வொன்றையும் சிறியதொரு மின்தராசில் நிறுத்தே இட்டான். முப்பது ஆண்டுகளாகக் கையளவில் உப்பிட்டுவரும் அவன் தாயார் வாயிலில் நின்று நகைத்தார்.

உண்ணும்போது பறப்புக் கதைகள் தொடங்கின. அந்நாட்டின் வடபால், ஊரும் ஆளுமற்ற வெளிகளுக்குச் சிறு விமானத்தில் நண்பர்களை ஏற்றிச் செல்வானாம்.

"ஏற்றும் நிறையைக் கணக்கிடுவதில்லையா, தம்பி?" என்றோம்.

"அங்கே யார் மாமா கேட்கப் போகிறார்கள்? ஆட்களைப் பார்த்தாலே தெரியுமே."

கணிதம் கற்பிப்போருக்கு மீன்முள்ளினும் இத்தகைய விடையே தொண்டையில் சிக்கும். அவன் கூறிய செஸ்னா 172 விமானத்தின் பிற்கால வகை, கிளம்புகையில் 1157 கிலோவுக்கு மேற்படலாகாது. வெறும் விமானமே ஏறக்குறைய 760 கிலோ. 200 லீற்றர் எரிபொருள் 144 கிலோ. 75 கிலோ எடையுள்ள நால்வர் 300 கிலோ. பெட்டி ஒன்றும் ஏற்றாமலே 1204 ஆகிவிடுகிறது! போதாக்குறைக்கு, வெப்பத்தில் காற்று அடர்த்தி குறைவதால் ஓடுபாதையும் நீளமாக வேண்டும்.

சர்மூலாவின் நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் நினைவூட்டினோம். இன்று மொறோக்கோவின் தர்பாயா எனப்படும் கேப் ஜூபியில், 1927இல் தபால் விமான நிலையத்துக்குப் பொறுப்பேற்றவர் பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரி. பாலைவனத்தை நன்கறிந்த அவரே 1935 டிசம்பரில் சகாராவில் விமானத்தோடு வீழ்ந்தார். ஒரு நாளைக்கும் போதாத பருகுநீருடன் அவரும் துணைவர் பிரேவோவும் நாட்கணக்கில் அலைந்தனர். நாடோடி ஒருவர் கண்டதால் பிழைத்தனர்.

"நேற்றுத் தோணியில் வாவியைக் கடந்தீர்களே, மிதவையங்கி அணிந்தீர்களா, மாமா?" என்றான் அவன்.

அணியவில்லை. நாம் தலைகுனிந்தோம்.

அதுவரை வாய் திறவாதிருந்த தமக்கையார் அடுத்த மாதம் அவனிடம் செல்ல இருப்பவர். தாயை விமானத்தில் ஏற்றி வெளியெல்லாம் காட்டுவதாக வந்த நாள்முதல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"என்னை ஏற்றும் அன்றைக்கும் கண்ணால்தான் பார்ப்பாயோ, மகன்?" என்றார்.

அவன் விடை கூறவில்லை. எழுந்து கைகழுவி வந்து, மின்தராசைத் துடைக்கலானான். மீனுக்கு உப்பு மட்டும் மிகச் சரியாக இருந்தது.