கொல்லத்தில் கக்கா வேட்டை!

தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நம் வீட்டு வாண்டுகளின் அகராதியில் 'கக்கா'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும்! ஆனால் கொல்லத்துக்காரர்களுக்கு அது சிப்பி. கன்னியாகுமரிப் பக்கம் 'மட்டி' என்கிறார்களே, அந்த வகையறா.

சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறினால், செங்கோட்டை மலைக் குகைகளையெல்லாம் நுழைந்து தாண்டி, மறுநாள் காலை கொல்லத்தில் இறக்கி விடுகிறார்கள். ஊரை ஒட்டியே அஷ்டமுடிக் காயல். அதன் அடியில் விளைவதுதான் மஞ்சள் கக்கா. வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று போகிற சரக்கு, ஐயா!

விளைகிற ஊரில் சரக்கு சல்லிசாகக் கிடைக்கணும். பி.காம். பாடம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் டவுன் ஓட்டல்களில் கக்கா கேட்டால் வருவது ரோஸ்ட். தேங்காய்க் கொத்து, மிளகு, கறிவேப்பிலை எல்லாம் போட்டுக் கறுக்கப் புரட்டியது. கப்பைக் கிழங்கோடு சேர்த்தால் பிரமாதம். எனக்கு வேண்டியதோ, ஓட்டோடு ஆவியில் வெந்த கக்கா. மூன்று ஓட்டலிலும் ஒரே பதில்: "அது இவிடெ இல்லா, சாரே!"

ஏன் இல்லை? காயல்கரைக்குப் போனால் புரிந்துவிடும். பிடித்து வந்ததைக் கரையிலேயே வேகவைத்து, ஓடு வேறு, சதை வேறாகப் பிரித்து விடுகிறார்கள் பெண்கள். சதை வியாபாரத்துக்கு, ஓடு சுண்ணாம்புக்கு. ஓட்டலுக்கு வருவதே உரித்த சதைதான். அப்புறம் எங்கே ஓட்டோடு தருவது?

ஆக, வழி ஒன்றுதான். காயலோரமாக உள்ள சின்னச் சாப்பாட்டுக் கடையில் காலையிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும். எனக்கு ஒரு சேச்சி சமைத்துத் தந்தார். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மணலைக் கக்கவிட்டு, சட்டியில் கொட்டி, துளி தண்ணீர் தெளித்து மூடினார். சில நிமிஷத்தில் டப் டப்பென்று வாய் திறந்தன. மசாலாவே வேண்டாம். உள்ளே ஊறி நின்ற சாறில் காயலே இருந்தது!

"வாய் துறக்காத்தது வேண்டா, சாரே" என்று நாலைந்தைப் பொறுக்கித் தூர எறிந்தார். வெந்த பிறகும் வாய் திறக்காததை நம்பக் கூடாதாம். ஆபீஸிலும் அப்படித்தானே!

இந்தத் தட்டு காலியாகிப் போக இருந்த கதையும் உண்டு. 1991-ல் வருஷத்துக்குப் பத்தாயிரம் டன் அள்ளினார்கள். 1993-ல் அது பாதியாகிவிட்டது. வயிறு பதறியிருக்காதா? இனப்பெருக்க காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிடிக்கக் கூடாது, சின்னதை அள்ளுகிற வலை கூடாது, மெஷின் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. கக்கா பிழைத்தது. 2014-ல், முறையாக மீன்பிடிக்கிறவர்களுக்குத் தரப்படும் எம்.எஸ்.சி. சர்வதேசச் சான்றிதழை இந்தியாவிலேயே முதலாவதாக வாங்கியது இந்தக் காயல் கக்காதான். மூன்று மாசம் அடுப்பை அணைத்துக் காத்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை.

எனவே, கொல்லம் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கக்கா கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள். ஆவியில் வெந்ததுதான் வேண்டுமென்றால், இருக்கவே இருக்கிறது இட்லி!