மிஸ்ஸுக்கு சனிக்கிழமை சம்பளம்!

திருப்பூரில் டியூஷன் என்றால் ஒரே அர்த்தம்தான். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, நாற்பது பசங்க, ஒரு ஒயிட் போர்டு, வாசலில் 'கணிதம் 100/100' என்று போட்டோ போட்ட ஃப்ளெக்ஸ். நானும் அப்படி ஒரு கொட்டகையில் வேர்த்து விறுவிறுத்துத்தான் இன்ஜினீயரிங் வந்து சேர்ந்தேன். அதனால், என் தம்பிக்கு டியூஷன் எடுக்க வந்த மிஸ் முதல் ஒரு மாசம் புத்தகத்தையே திறக்கவில்லை என்றதும் வீட்டில் எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

தம்பி அப்போ ஒன்பதாவது. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்வான். பேப்பரில் எழுதச் சொன்னால் 'கொடி' என்பது 'கெடி' ஆகும், 'மரம்' பாதியில் நிற்கும். அவன் படித்த பள்ளியில் (பேர் வேண்டாமே!) அம்மாவைக் கூப்பிட்டு, "பத்தாவதுல எங்களுக்கு நூறு சதவீத ரிசல்ட் வேணுங்க... நீங்க வேற ஸ்கூல் பார்த்துக்கங்க" என்று தேனொழுகச் சொல்லிவிட்டார்கள். அப்பா ஓவர்லாக் டெய்லர். அவர் கணக்கு சிம்பிள். கைமடியா சேர்த்துவிட்டா ரெண்டு வருஷத்துல மெஷின்ல உக்காந்திருவான், பீஸ் ரேட்ல வாரச் சம்பளம். பதினாலு வயசு நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்பது 2016 திருத்தத்துக்குப் பிறகு சட்டம். தம்பிக்கு பதினாலு முடிய நாலு மாசம் இருந்தது. அந்த நாலு மாசம்தான் எங்களுக்குக் கிடைத்த டைம்!

மிஸ் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "கண்ணு டெஸ்ட் பண்ணியாச்சா? காது?" ரெண்டும் ஓகே என்று சீட்டு கொண்டு வந்த பிறகுதான் உட்கார்ந்தார். அப்புறம் ஒரு மாசம் அவனைப் பேச விட்டார், கதை சொல்ல விட்டார், படம் வரையச் சொன்னார், அவன் தப்பு விடுகிற எழுத்தை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். சிவப்பு மை தொடவே இல்லை.

அந்த நோட்டை ஒருநாள் எனக்குக் காட்டினார். தமிழ் தெரிந்த நமக்கே உறைக்காத விஷயம் அது. 'கொ' என்று சொல்லிப் பாருங்கள். வாயில் முதலில் வருவது 'க்', அப்புறம்தான் 'ஒ'. கை எழுதுவதோ முதலில் கொம்பு, அப்புறம் 'க', அப்புறம் கால். காதுக்கு ஒரு வரிசை, கைக்கு இன்னொரு வரிசை! அந்தக் காலும் 'ர'வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ந, ன, ண மூணு. ல, ள, ழ மூணு. மொத்தம் 247 எழுத்து. ஒலியையும் வடிவத்தையும் சட்டென்று கோத்துக்கொள்ள முடியாத ஒரு பையனுக்கு இது எப்படி இருக்கும்? அவன் சோம்பேறி இல்லை. டிஸ்லெக்சியா என்கிற கற்றல் குறைபாடு. டாக்டர் சான்றிதழ் வந்தபோது அம்மா அழுதார். தம்பி மட்டும் ரிலாக்ஸாக, "அப்ப நான் மக்கு இல்லையா?" என்று கேட்டான்.

மிஸ்ஸின் ரூட் கொஞ்சம் வித்தியாசமானது. ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஒரு பனியன் கம்பெனி பேக்கிங் செக்ஷனில் கணக்கு எழுதிக்கொண்டு இருந்தவர். அக்கம்பக்கத்தில் ஒரு காது கேளாத குழந்தை இருந்ததால் சைகை பழகி, அந்த ஆர்வத்தில் ரெண்டு வருஷ சிறப்புக் கல்வி டிப்ளமோ சேர்ந்தார். பிறகு டிகிரி, சிறப்புக் கல்வியில் பி.எட். இந்தப் படிப்புக்கு எங்கேயோ போக வேண்டியதில்லை. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷன் வளாகத்திலேயே இருக்கிறது. சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் 2005-ல் ஆரம்பித்த மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. முடித்தவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்து நம்பர் வாங்க வேண்டும். பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்தால் 1992-ம் வருஷச் சட்டப்படி ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 'ஸ்பெஷல் கோச்சிங்' போர்டைப் பார்த்தால் தைரியமாக நம்பர் கேளுங்கள்!

முதல் வேலை மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான ஒரு சிறப்புப் பள்ளியில். அங்கேதான் சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் 1970-களில் உருவாக்கிய செக் லிஸ்ட்டைப் பழகினார். சாப்பிடுவது, உடுத்துவது, பேசுவது என்று 18 பிரிவு, ஒவ்வொன்றிலும் 20 படி, ஆக 360. குழந்தைக்கு எது வராது என்பதைவிட, எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று பார்க்கிற லிஸ்ட். 'ஃபெயில்' என்ற வார்த்தைக்கே அதில் இடம் இல்லை என்றார் மிஸ்.

அப்புறம் அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் ஒப்பந்தச் சிறப்பாசிரியர். வட்டார வள மையத்தில் கையெழுத்து போட்டுவிட்டு ஊர் ஊராகப் பள்ளிக்கூடம், பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி. அப்படி ஒரு வீடு. அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவார்கள். பாட்டியும் மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயசுப் பெண்ணும் மட்டும். பாட்டிக்குத் தோள் வலி, பேத்திக்கு டிரஸ் மாட்ட முடியவில்லை. மிஸ் அந்தக் குழந்தைக்கு டி-ஷர்ட் போடக் கற்றுக் கொடுத்தார். எப்படித் தெரியுமா? கடைசியிலிருந்து! தலை, கை எல்லாம் இவரே மாட்டிவிட்டு, நெஞ்சிலிருந்து கீழே இழுத்துவிடுவதை மட்டும் அவள் செய்ய வேண்டும். அது வந்ததும் ஒரு கை அவள் வேலை. அப்புறம் ரெண்டாவது கை. கடைசியாகத் தலை. ஒவ்வொரு நாளும் முடித்து வைப்பது குழந்தைதான். ஆரம்பத்திலிருந்து சொல்லிக் கொடுத்தால் பாதியிலேயே தோற்றுப்போகும் இல்லையா?

"இது ஒண்ணும் புதுசு இல்லீங்க, நம்ம கம்பெனியில நடக்குறதுதான்" என்றார் அப்பாவிடம். புதுப் பையனை முதல் நாளே ஓவர்லாக்கில் உட்கார வைப்பார்களா? தைத்து முடித்த பீஸில் பிசிறு வெட்டச் சொல்வார்கள், அப்புறம் மடிக்கச் சொல்வார்கள், கைமடி நிற்கச் சொல்வார்கள், மெஷின் கடைசியில்தான். ஒரு பனியனை ஷோல்டர், கழுத்துப் பட்டி, கை, சைடு, பாட்டம் என்று பிரித்து ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கிற ஊரில், ஒரு பாடத்தை மட்டும் ஏன் முழுசாகத் தலையில் தூக்கிப் போடுகிறோம்? அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கைமடிப் பேச்சு அன்றோடு குறைந்தது. என்னைக் கேட்டால், எங்க காலேஜ் புரொஃபசர்கள் சிலருக்கும் மிஸ் கிளாஸ் எடுக்கலாம்.

ஒப்பந்த வேலையில் இருந்தவரை மிஸ் டியூஷன் எடுக்கவில்லை. ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 2009, 28-வது பிரிவு சொல்கிறது. வருஷக்கணக்காக அதே தொகுப்பூதியம், நிரந்தரமும் இல்லை என்றான பிறகுதான் வெளியே வந்தார். சிறப்பாசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்பதை 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டே கணக்குப் போட்டுச் சொன்னது. தொடக்க வகுப்பில் இப்படிப்பட்ட 10 குழந்தைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15-க்கு ஒருவர். மிஸ் மாதிரி ஆட்கள் வெளியேறுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. காலேஜில் பிளேஸ்மென்ட் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், இப்படி ஒரு வேலை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. 1887 மார்ச்சில் ஆறு வயது ஹெலன் கெல்லருக்கு வீட்டு ஆசிரியையாக ஆன் சல்லிவன் போய் இறங்கியபோது அவருக்கு வயசு இருபது. நம்ம வயசு பாஸ்!

மிஸ்ஸிடம் சில கண்டிஷன் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே பிள்ளை. கடைசிப் பத்து நிமிஷம் அம்மாவோ நானோ பக்கத்தில் உட்கார வேண்டும், மறுநாள் அதை நாங்கள் செய்ய வேண்டும். பாஸ் கேரண்டி எல்லாம் கிடையாது. ஃபீஸ் மாசத்துக்கு இல்லை, வாரத்துக்கு. சனிக்கிழமை அப்பாவுக்குச் சம்பளம், அன்றைக்கே மிஸ்ஸுக்கும். முக்கியமான கண்டிஷன், முதல் நாளே நோட்டில் ஒரு தேதி எழுதினார். "இதுக்கு மேல நான் வரக் கூடாது, கண்ணு. வந்தேன்னா என் வேலை சரியில்லைன்னு அர்த்தம்."

தட்டில் மணல் கொட்டி, விரலால் எழுதிக்கொண்டே வாய்விட்டு ஒலி சொல்வதில் ஆரம்பித்தது. கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம். வரலாற்றுப் பாடத்தை அவனே பேசி போனில் ரெக்கார்ட் பண்ணிக் கேட்டான். வேறு பள்ளியில் சேர்ந்து இப்போ பத்தாவது. 1995 சட்டத்தில் இருந்த 7 வகைக் குறைபாடுகளில் அவன் கிடையாது. 2016 சட்டத்தின் 21-ல் இருக்கிறான். பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் கேட்கலாம், பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பித்தால். இதில்தான் வீட்டில் பெரிய சண்டை! எழுத ஆள் கேட்போம் என்றார் அம்மா. "நானே எழுதறேன்" என்றான் தம்பி. மிஸ் எந்தப் பக்கமும் சேரவில்லை. ரெண்டு மாடல் டெஸ்ட் வைத்தார், ஒன்று சொல்லி எழுத வைத்து, ஒன்று அவன் கையால். மார்க் வித்தியாசத்தை அவன் முன்னாடியே வைத்தார். சொல்லி எழுதியதில் பதினோரு மார்க் கூட. ஒருநாள் யோசித்துவிட்டு, அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் மட்டும் ஆள் போதும், கணக்கை நானே போடுவேன் என்றான்.

அந்தத் தேதிக்கு இன்னும் ஆறு வாரம். மிஸ் வாரம் ஒருநாள்தான் வருகிறார். இப்போது நடப்பது அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்ற பயிற்சி. முதல் இருபது நிமிஷம் பேனாவைத் தொடாமல் கேள்வித்தாளை மட்டும் படிக்க வேண்டுமாம். போன சனிக்கிழமை அப்பா கம்பெனியிலிருந்து வரும்போது முள் வைத்த வாட்ச் ஒன்று வாங்கி வந்து அவன் மேஜையில் வைத்தார்.