அடுத்த வீட்டு வாசலில் உலகம்

ஒரு நிலப்பகுதியின் வரலாறு, மொழி, சமயம், பொருளியல் ஆகியவற்றை ஒருங்கே பயில்வது உலக வட்டார ஆய்வுக் கல்வியாகும். 1955இல் தில்லியில் தோன்றிப் பின்னர் 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்த பன்னாட்டு ஆய்வுப் பள்ளி நம் நாட்டில் இக்கல்வியை வளர்த்தது. "இதனைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று நாமும் ஒருகாலத்தில் கேட்டதுண்டு.

ஓசூருக்குக் குடிவந்த பின்னரே அதன் பயன் விளங்கிற்று. சிப்காட் ஆலை வாயில்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒருசேர ஒலிக்கின்றன. அடுத்த வீட்டில் வாழ்ந்த கன்னட முதியவருக்குப் பல்லாண்டுகள் வணக்கம் மட்டுமே சொல்லிவந்தோம். அவர் மறைந்த நாளில் அவர்தம் மகளுக்கு ஆறுதல் கூற நம்மிடம் ஒரு சொல்லும் இல்லை. நாணி நின்றோம்.

இவ்வட்டாரத்தை அயலார் முன்னரே கற்றனர். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாரமகாலைப் பெற்ற ஆங்கிலேயரின் சார்பில், ரீடும் மன்றோவும் இம்மண்ணின் நிலத்தையும் விளைச்சலையும் குடிகளின் வழக்கங்களையும் ஆராய்ந்தனர். அவர்தம் நோக்கம் வரி. வரி தண்டுவதற்கே இத்துணைக் கல்வி வேண்டுமாயின், கூடி வாழ்வதற்கு எத்துணை வேண்டும்!

மாணவச் செல்வங்களே, உலகை அறியும் கல்வி அடுத்த வீட்டு வாசலில் தொடங்கட்டும்.